ஆம்னி வீலும் டிராக்ஷன் வீலும் ஒரே ரோபோவில்: வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை சரக்கை வைத்து ஒரு மதிப்பீடு

போட்டி ரோபோவுக்கு ஆம்னி வீல் (சுற்றிலும் சின்ன ரோலர்கள் இருப்பதால் பக்கவாட்டிலும் உருளும் சக்கரம்) போட்டவர்களுக்கு அதன் குறை முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். வண்டி நின்ற இடத்தில் அழகாகச் சுழலும். எதிராளி பக்கவாட்டில் ஒரு இடி கொடுத்தால் அதே அழகோடு ஓரத்துக்குப் போய்விடும். நான்கு மூலையிலும் ரப்பர் சக்கரம் போட்டால் பக்கவாட்டில் அசைக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நான்கும் தரையைத் தேய்க்கும், மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரண்டையும் ஒரே சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) வைத்து, ஓடுவதற்கு ஆம்னி, தள்ளுவதற்கு ரப்பர் என்று காற்று சிலிண்டரால் மாற்றிக்கொள்வதுதான் பட்டர்ஃப்ளை டிரைவ். அமெரிக்காவின் எஃப்.ஆர்.சி. (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ) போட்டியில் 148-ஆம் எண் அணி 2010இல் இதையே ஒன்பது சக்கரத்தில் செய்தது: நான்கு ஆம்னி, நான்கு டிராக்ஷன் (பிடி தரும் ரப்பர் சக்கரம்), நடுவில் குறுக்காக ஓட ஒன்று. நம் ஊர்க் கல்லூரி அணிகளுக்கு நான்கு ஜோடியே போதும்.

இங்கே மதிப்பிடுவது ஒரு முழு செட். வண்டியின் மொத்த எடை 24 கிலோ, மின்சாரம் 24 வோல்ட். மூலைக்கு ஒரு மாட்யூல், ஆக நான்கு. ஒவ்வொன்றிலும் ஆன்லைனில் கிடைக்கும் 100 மிமீ இரட்டை வரிசை அலுமினிய ஆம்னி வீல், ஆம்பூர் ஷூ சோல் ஷீட்டைச் சுற்றிச் செய்த 80 மிமீ டிராக்ஷன் வீல், 25 மிமீ போர் (உள்விட்டம்) காம்பாக்ட் காற்று சிலிண்டர், ராணிப்பேட்டைப் பக்கம் லேசரில் வெட்டி லேத்தில் முடித்த தகடுகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சோல் ஷீட்டுக்கு முழு மதிப்பெண். சிலிண்டர் நன்று. ஆம்னி வீல் பரவாயில்லை, கொஞ்சம் கைவேலை கேட்கும். லேசர் கட்டிங்கை அப்படியே நம்பி பேரிங் அடிக்கக் கூடாது.

முதலில் ரப்பர், ஏனென்றால் இந்த டிரைவின் உயிர் அதில்தான். வெளிநாட்டு அணிகள் கன்வேயர் பெல்ட் துண்டை வீலில் ரிவெட் அடித்துக்கொள்கின்றன. ரெடிமேட் டிராக்ஷன் வீலை இறக்குமதி செய்தால் வீல் விலையோடு கூரியரும் சேரும். ஆனால் வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஆம்பூர். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்கத் தோல் தொழில்தான். சோல் மெட்டீரியல் கடைகளில் ஷீட்டை வெட்டித் தருவார்கள், கடினத்தைச் சொல்லிக் கேட்டால் புரிந்துகொள்வார்கள். தரையில் வழுக்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் ரப்பர் அது. போட்டிக் களத்தில் பெயின்ட் அடித்த பிளைவுட் மேல் நமக்கும் வேண்டியது அதுதான்.

எல்லா சோலும் ஆகாது. ஹவாய் செருப்புக்குப் போடும் மைக்ரோ செல்லுலார் ஷீட் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும், பாரம் ஏறியதும் சக்கரத்தின் விட்டமே மாறிவிடும். நியோலைட் வகை ஷீட் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவுகோல்) 85க்கு மேல் இருக்கும், கல் மாதிரி. பெயின்ட் தரையில் சறுக்கும். கிரேப் ரப்பர் நல்ல பிடி தரும், ஆனால் தூசியை இழுத்து ஒட்டிக்கொண்டு ஆட்டத்தின் பாதியிலேயே பிடியை விட்டுவிடும். கேட்க வேண்டியது 5 மிமீ கெட்டி ரப்பர் ஷீட், ஷோர் ஏ 55 முதல் 65 வரை. கடையிலேயே பார்த்துவிடலாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து உடனே மறைய வேண்டும். ஷீட்டை மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் சுண்ணம் அதிகம் கலந்த சரக்கு, சீக்கிரம் பொடியாக உதிரும். டி.பி.ஆர். (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) சோல் கொடுத்தால் வாங்க வேண்டாம். பிடி இருக்கும், ஆனால் தனி பிரைமர் இல்லாமல் ஒட்டாது.

பிடியை அளக்க மெஷின் தேவையில்லை. ஷீட் துண்டை ஒரு மரக்கட்டையின் அடியில் ஒட்டி, மேலே 1 கிலோ வைத்து, களத்துக்கு அடிக்கிற அதே பெயின்ட் அடித்த பலகையில் வைத்துப் பலகையைச் சாய்த்துக்கொண்டே போங்கள். 35 டிகிரியில் சறுக்கினால் உராய்வுக் கெழு 0.7, 45 டிகிரி வரை நின்றால் 1. இதற்கு ஒரு பலகை, ஃபோனில் ஒரு லெவல் ஆப் போதும். மூன்று நான்கு கடைச் சரக்கை ஒரே மாலையில் ஒப்பிட்டுவிடலாம்.

வீலின் உள்வட்டம் 70 மிமீ விட்டம், 25 மிமீ அகலம், இரண்டு ஓரத்திலும் 1 மிமீ தடிப்பில் 2 மிமீ உயர உதடு. உதடு இல்லாவிட்டால் பக்கவாட்டு இடியில் ரப்பர் ஒரு பக்கமாக நழுவும். லேத்காரர் நைலான் ராடிலோ டெல்ரின் பிளாஸ்டிக்கிலோ செய்யலாம் என்பார், வேலை சுலபம், எடையும் குறையும். ஒத்துக்கொள்ளாதீர்கள். நைலானில் சொல்யூஷன் (ரப்பர் ஒட்டும் பசை) சரியாகப் பிடிக்காது, டெல்ரினில் பிடிக்கவே பிடிக்காது. அலுமினியத்தில் செய்து, மேல்பரப்பில் நர்லிங் (சொரசொரப்பான வரிகள்) போடச் சொல்லுங்கள். துண்டின் நீளத்துக்கு நடு விட்டம் 75 மிமீ என்று கணக்கிட்டால் சுற்றளவு 236 மிமீ. இரு முனையையும் 10 மிமீ சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட, வெட்ட வேண்டியது 246 மிமீ. இந்தச் சீவலை ஷூ வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது மேல். ஸ்கைவிங் கத்தி அவர் கையில் போகிற வேகத்தில் நம் கட்டர் போகாது; மேடு பள்ளம் இல்லாத சீவலில்தான் வீல் வட்டமாக ஓடும். நேராக வெட்டி முனையோடு முனை சேர்த்தால் முதலில் பிய்கிற இடம் அந்த ஜாயின்ட்.

ஒட்டும் முறையும் ஷூ பட்டறை முறையேதான். ரப்பரின் உள்பக்கத்தையும் அலுமினியத்தையும் 80 நம்பர் எமரியால் நன்றாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரண்டிலும் நியோப்ரீன் சொல்யூஷன் ஒரு கோட். காய்ந்ததும் இரண்டாவது கோட். விரல் முதுகால் தொட்டால் ஒட்ட வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. அந்தப் பதத்தில் சேர்த்து, ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டி, ஒரு நாள் கட்டி வையுங்கள். வேலூர் மே மாத வெயிலில் ஒரு சங்கடம்: மேலே ஆடை கட்டி உள்ளே கரைப்பான் தங்கிவிடும். காய்ந்தது என்று நினைத்து ஒட்டினால் இரண்டு நாளில் உள்ளே குமிழி கிளம்பும். கோட்டை மெல்லிசாகப் பூசி, நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாமல் காயவிட வேண்டும். ரப்பரின் மேல் திருகு அடித்து உறுதிப்படுத்தலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். களத்தில் கீறல் விழும், நடுவர் வெளியே அனுப்புவார்.

அடுத்தது மாட்யூலின் வடிவம். இங்கே ஒரு விதி மட்டும் மீறக் கூடாதது: டிராக்ஷன் வீலைத் தாங்கும் கை, ஆம்னி வீலின் அச்சையே மையமாகக் கொண்டு ஆட வேண்டும். மோட்டார் ஆம்னி அச்சைச் சுழற்றும், அதிலிருந்து செயின் டிராக்ஷன் வீலுக்குப் போகும். ஆட்ட மையமும் செயின் புறப்படும் மையமும் ஒன்றாக இருந்தால் கை மேலே போனாலும் கீழே வந்தாலும் செயின் நீளம் மாறாது. வேறு இடத்தில் பிவட் (ஆட்ட மையம்) வைத்தால் ஒரு நிலையில் தொங்கும், இன்னொரு நிலையில் இறுகும், டென்ஷனர் போட்டு ஒப்பேற்ற வேண்டி வரும்.

செயினுக்கு 04சி, அதாவது 6.35 மிமீ பிட்ச் (லிங்குக்கு லிங்க் தூரம்) எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் செயின் லாங் பஜாரில் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு 2-க்கு-1 குறைப்பு தரும் ஸ்ப்ராக்கெட் 80 மிமீ வீலுக்குள் அடங்காது. 04சி-யில் ஆம்னி அச்சில் 14 பல், டிராக்ஷன் வீலில் 28 பல். பெரியதன் பிட்ச் வட்டம் 56.7 மிமீ, தரையிலிருந்து தாராளமான இடைவெளி. மைய தூரத்தை 90 மிமீ என்று ரவுண்டாக வரைந்துவிடாதீர்கள், அதற்கு 49.7 லிங்க் வரும், அப்படி ஒரு செயின் கிடையாது. 91 மிமீ வைத்தால் சரியாக 50 லிங்க். அரை லிங்க் போட வேண்டாம், செயின் அறுந்தால் அங்கேதான் அறும். செயினுக்குப் பதிலாக ஒரு ஜோடி கியர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிராக்ஷன் வீல் எதிர்த்திசையில் சுற்றும். ஒன்று நடுவில் ஐட்லர் கியர் போடணும், அல்லது மோடு மாறும்போது புரோகிராம் கோடில் மோட்டார் திசையையும் திருப்பணும்.

உயரக் கணக்கு இது. ஆம்னி மோடில் அச்சு தரையிலிருந்து 50 மிமீ. ரப்பர் வீல் தரையைத் தொடாமல் 6 மிமீ மேலே. டிராக்ஷன் மோடில் வண்டியே 6 மிமீ எழும்பி, ஆம்னி வீல் அந்தரத்தில் நிற்கும். ஆக ரப்பர் வீல் 12 மிமீ இறங்கினால் போதும். 3 மிமீ இடைவெளி போதாதா என்று கேட்கலாம். பிளைவுட் ஜாயின்ட்டிலும் சேஸிஸ் வளைவிலும் அது தின்று தீர்ந்துவிடும். ஒரு மூலையில் ரப்பர் உரசிக்கொண்டே ஓடும்.

சிலிண்டர் எவ்வளவு பெரியது? 24 கிலோவில் ஒரு மூலைக்கு 6 கிலோ, 59 நியூட்டன். வண்டி தள்ளும்போது தரை கொடுக்கும் முன்தள்ளல் கையைக் கொஞ்சம் தூக்கப் பார்க்கும். இது கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிவட்டுக்கு முன்னால் வீல் இருக்க முன்னோக்கி ஓட்டினால் தூக்கும்; வீல் பின்னால் இருந்தால் தரையில் அழுந்தும். இந்த அளவுகளுக்கு அந்தத் தூக்கல் 24 நியூட்டன் அளவு. இரண்டும் சேர்ந்து 83. எதிராளியோடு முட்டும்போது எடை முழுக்க இரண்டு சக்கரத்தில் விழலாம், ஆகவே இரட்டிப்பாக 166. சிலிண்டரை வீலுக்கு நேர் மேலே வைத்தால், 25 மிமீ போர், 4.5 பாரில் 221 நியூட்டன் கொடுக்கும். கையை மேலே இழுத்து வைக்க ஒரு 20 நியூட்டன் ஸ்ப்ரிங் போட்டாலும் கணக்கு நிற்கும். ஸ்ட்ரோக் 15 மிமீ. கோயம்புத்தூர் ஜனாடிக்ஸ் உட்பட எந்த நல்ல கம்பெனியின் காம்பாக்ட் சிலிண்டரிலும் இது ஸ்டாண்டர்ட் அளவு, டீலரிடம் சொன்னால் வந்துவிடும்.

பிவட்டுக்கும் வீலுக்கும் நடுவில் சிலிண்டரை வைக்கும் வரைபடம் நிறைய சுற்றுகிறது, இடம் மிச்சமாகும் என்று. விசை இரண்டு மடங்கு வேண்டும், 32 போர் வரும், பேரிங்கில் விழும் பாரமும் ஏறும். வீலுக்கு மேலே இடம் இருந்தால் அங்கேயே வையுங்கள்.

டபுள் ஆக்டிங் (இரு திசையிலும் காற்றால் இயங்கும்) சிலிண்டர் தேவையே இல்லை. காற்றை வெளியே விட்டால் வண்டியின் எடையே கையை மேலே தள்ளிவிடும், கடைசி 6 மிமீயை ஸ்ப்ரிங் பார்த்துக்கொள்ளும். ஒரு 3/2 சாலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும்) வால்வ், 24 வோல்ட், நான்கு சிலிண்டருக்கும் பொது. இதில் காற்றும் மிச்சம், பத்திரமும் உண்டு: ட்யூப் கழன்றாலும் வண்டி ஆம்னி மோடுக்கு வந்து ஓடிக்கொண்டிருக்கும். ஏபியூ ரோபோகான் (ஆசிய-பசிபிக் கல்லூரி ரோபோ போட்டி) மாதிரிப் போட்டிகளில் காற்றழுத்தத்துக்கு 6 பார் வரம்பு, பிளாஸ்டிக் பாட்டில்தான் பல அணிகளின் டேங்க். 2 லிட்டர் பாட்டில் 6 பாரிலிருந்து 4.5க்கு இறங்குவதற்குள் 3 லிட்டர் காற்று கொடுக்கும். நான்கு சிலிண்டரும் சேர்ந்து ஒரு தடவைக்கு 30 சிசி. ட்யூபை மறந்துவிடாதீர்கள்: 4 மிமீ உள்விட்ட ட்யூப் மீட்டருக்கு 12.6 சிசி விழுங்கும். வால்விலிருந்து நான்கு மூலைக்கும் மொத்தம் 2 மீட்டர் ஓடினால் சிலிண்டருக்குச் சமமான காற்று ட்யூபுக்கே போகிறது. அந்தக் கணக்கில் ஒரு பாட்டிலுக்குச் சுமார் 12 இறக்கம். வால்வை சேஸிஸ் நடுவில் வைத்து ட்யூபைச் சுருக்கினால் இன்னும் இரண்டு மூன்று கூடும். கீறல் விழுந்த, வெயிலில் கிடந்த பாட்டிலில் காற்று ஏற்றாதீர்கள். புதுப் பாட்டில், மேலே துணி டேப் சுற்றி.

சிலிண்டரின் கடைசி முனையை ஸ்டாப்பராக நம்ப வேண்டாம். ஒவ்வொரு கைக்கும் ஒரு எம்8 போல்ட்டும் லாக் நட்டும் வைத்து, 12 மிமீ இறக்கத்தில் கை அதில் போய் உட்காரணும். அப்போதுதான் நான்கு வீலும் ஒரே மட்டத்தில் நிற்கும். சரிபார்க்க: டிராக்ஷன் மோடில் நான்கு வீல் அடியிலும் ஒவ்வொரு ஏ4 தாள் வைத்து வண்டியை இறக்குங்கள். ஒவ்வொரு தாளையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுலபமாக வந்தால் அந்த மூலையின் போல்ட்டைக் கால் சுற்று விட்டு மறுபடி இழுங்கள். நான்கும் கிழிகிற மாதிரி இறுக்கமாக இருக்கும்வரை இதைச் செய்யணும். போட்டிக்கு முன் இரவு செய்ய வேண்டிய வேலைகளில் இதுவே முதலாவது.

ஆம்னி வீலைப் பற்றி. ஒற்றை வரிசை வீல் வேண்டாம். ரோலருக்கும் ரோலருக்கும் நடுவே பள்ளம் வந்து வண்டி குதிக்கும், சென்சார் ரீடிங் ஆடும். இரட்டை வரிசையில் ஒரு ரோலர் விடும் இடத்தை அடுத்தது பிடிக்கும். நம் ஊருக்கு வரும் அலுமினிய வீல்களில் தகடும் ரோலரும் உறுதியாகவே இருக்கின்றன. குறை திருகில். பக்கத் தகட்டைப் பிடிக்கும் சின்னத் திருகுகள் அதிர்வில் கழலும், ரோலர் ஊசி ஒரு பக்கம் வெளியே வரும், அடுத்த இடியில் ரோலர் காணாமல் போகும். வாங்கியதும் ஒவ்வொரு திருகாகக் கழற்றி நீல நிற லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ரோலர்கள் மேஜையில் உருண்டு ஓடும். ஹப்பில் ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) இருந்தால் இந்தச் சுமைக்கு நிற்காது. 12 மிமீ அச்சில் கீவே (சாவிக் காடி) வெட்டுங்கள், அல்லது தட்டையாக அரைத்து 90 டிகிரியில் இரண்டு கிரப் ஸ்க்ரூ.

மோட்டாரின் தண்டில் நேரடியாக வீலைத் தொங்கவிடக் கூடாது. இரண்டு 6001 பேரிங்கில் அச்சு, மோட்டார் கப்ளிங்கில். கியர் பாக்ஸுக்குப் பின் 300 ஆர்.பி.எம். வந்தால் ஆம்னி மோடில் வினாடிக்கு 1.57 மீட்டர், டிராக்ஷனில் 0.63 மீட்டர். வேகம் 2.5 மடங்கு குறைகிறது, தள்ளும் விசை அதே மடங்கு கூடுகிறது. இதன் அருமை கரண்டில் தெரியும். உராய்வு 1 என்று வைத்தால், வீல் வழுக்கும் வரை மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்கு ஆம்னியில் 30 கிலோ-செமீ, டிராக்ஷனில் செயின் இழப்பையும் சேர்த்து 13 கிலோ-செமீ. அதாவது முட்டிக்கொண்டு நிற்கும்போது மோட்டார் நின்று எரிவதற்குப் பதிலாக வீல் வழுக்கிக் காப்பாற்றும். எம்டி30சி மாதிரி 30 ஆம்ப் மோட்டார் டிரைவர் போர்டு தாராளம்.

கோடில் ஒரு வரி கட்டாயம். முழு வேகத்தில் ஓடும்போது ரப்பரை இறக்கினால் 1.57 மீட்டரில் போகும் வண்டியை 0.63க்குச் சுற்றும் வீல் பிடித்து இழுக்கும். அந்த அடி முழுக்கக் கியர் பாக்ஸ் பல்லில். மோட்டார் வேகத்தை 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, வண்டியும் அந்த வேகத்துக்கு இறங்கிய பிறகு வால்வைத் திறங்கள். ஓட்டுநர் பட்டனைக் கையில் பிடித்திருப்பார், ஆனால் காத்திருப்பதை கோடு செய்யணும், ஆட்டச் சூட்டில் மனிதர் காத்திருக்க மாட்டார்.

இனி ஜாப் வொர்க். ராணிப்பேட்டையில் பெல் ஆலையையும் சிப்காட்டையும் ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குத் தகடு வெட்டுவது அன்றாட வேலை. பெரிய வேலைக்குப் பழகிய கைகள், அரை மிமீ அங்கே பெரிய விஷயமில்லை. நமக்கு 6001 பேரிங்கின் 28 மிமீ ஓட்டையில் அரை மிமீ என்றால் கை லொடலொடவென்று ஆடும். அதனால் டிராயிங்கில் பேரிங் ஓட்டையை 27.5 என்று போட்டு லேசரில் வெட்டி, பிறகு லேத்திலோ மில்லிங்கிலோ 28க்கு போர் செய்யச் சொல்லுங்கள், பேரிங்கைக் கையிலேயே கொடுத்து. கையின் இரண்டு தகட்டையும் ஒன்றாகப் பிடித்து ஒரே செட்டிங்கில் போர் செய்தால்தான் அச்சு நேராக நிற்கும். 5 மிமீ எச்.இ.30 அலுமினியம் நல்லது; கிடைக்காவிட்டால் 3 மிமீ எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு, எடை மட்டும் கூடும். தகடு ஒன்றாக இருந்து வீல் வெளியே தொங்கும் டிசைனை ஒதுக்குங்கள். வீலின் இரு பக்கமும் தகடு, நடுவில் மூன்று ஸ்பேசர். ஒற்றைத் தகடு இடியில் முறுக்கிக்கொண்டு செயின் கழலும்.

எல்லாம் சேர்ந்து சாதாரண ஆம்னி வண்டியைவிட ஏறத்தாழ 3 கிலோ கூடும். எடை வரம்பு இறுக்கமான போட்டியில் அந்த 3 கிலோவைப் பொருளை எடுக்கும் ரோபோக் கையிலோ பந்து எறியும் மெக்கானிசத்திலோ போடுவது லாபம். யாரும் யாரையும் தொடக் கூடாத களத்திலும் இது வீண். ரோபோ சாக்கர், ஒருவரை ஒருவர் தள்ளும் ஆட்டம், சாய்தளம் ஏறும் ஆட்டம் ஆகியவற்றுக்குத்தான் இந்தச் செலவு பொருந்தும். செலவில் பெரும் பங்கு ஆம்னி வீலுக்கும் சிலிண்டருக்கும் போகும், சோல் ஷீட்டுக்குப் போவது மிகச் சொற்பம். ஆகவே ஷீட் வாங்கும்போதே எட்டு வீலுக்கு வெட்டி வாங்கி, நான்கு உபரி வீலையும் ரப்பர் ஒட்டிப் பையில் வையுங்கள். ரப்பர் 5 மிமீயிலிருந்து 4க்குத் தேய்ந்தால் வண்டி எழும்பும் உயரம் 6லிருந்து 5க்குக் குறையும், அப்போதே மாற்ற வேண்டும். பழையதைப் பிய்க்க ஹாட் ஏர் கன்னைச் சற்று காட்டினால் சொல்யூஷன் இளகி முழுத் துண்டாக உரிந்து வரும், அலுமினியத்தை எமரி போட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.